ஜிட்டர் என்னும் நடுக்கம்: டிஜிட்டல் கேபிளுக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?

1/
வீட்டில் நல்லா பாட்டு கேக்கணும்னு ஆசைப்பட்டு ஒரு டேக் வாங்கியிருப்பீங்க. டேக் என்றால் டிஜிட்டல் டு அனலாக் கன்வெர்ட்டர். எண்களாக வரும் பாட்டை, ஆம்ப்ளிஃபையருக்குப் புரியும் மின் அலையாக மாற்றித் தரும் பெட்டி. வாங்கின ஒரு வாரத்துக்குள் யாராவது ஒருத்தர் வந்து சொல்லுவார்: "பெட்டி ஓகே. ஆனா இந்தக் கேபிள்ல ஜிட்டர் வருமே? அதை மாத்திட்டுக் கேட்டுப் பாருங்க."

2/
அவர் காட்டும் கேபிளின் விலை சில சமயம் நீங்கள் வாங்கிய டேக்கின் விலையைவிட அதிகமாக இருக்கும். பல ஆயிரத்தில் ஆரம்பித்து லட்சத்தையும் தாண்டும் டிஜிட்டல் கேபிள்கள் சந்தையில் உண்டு.

ஒரு டாக்டருக்கு இதில் என்ன வேலைன்னு கேட்கலாம். ஜிட்டரைச் சொல்லிக் கேபிள் விற்கும் முறையும், ஒரு நோயின் பெயரைச் சொல்லி அந்த நோய் இல்லாதவருக்கு மாத்திரை விற்கும் முறையும் ஒண்ணுதான். அதனால்தான் எழுதுறேன். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

3/
முடிவை முதல்லயே சொல்லிடறேன்.

ஜிட்டர் கட்டுக்கதை கிடையாது. கருவி வைத்து அளக்கக்கூடிய, உண்மையான கோளாறு. ஆனால் இன்று கிடைக்கும் ஒழுங்கான ஒரு டேக்கில், சாதாரணக் கேபிளால் வரும் ஜிட்டர் மனிதக் காதுக்கு எட்டும் அளவில் இல்லை. அதற்காகப் பெரிய தொகை செலவழிக்க வேண்டாம்.

இனி காரணங்களை வரிசையாகப் பார்ப்போம்.

4/
சிடி தரத்தில் இருக்கும் பாட்டில் ஒரு வினாடிக்கு 44,100 எண்கள். ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடைவெளி சுமார் 22.7 மைக்ரோ வினாடி. டேக்குக்குள் இருக்கும் கடிகாரம் ஒவ்வொரு முறை தட்டும்போதும் ஒரு எண் மின்னழுத்தமாக மாறி வெளியே போகணும்.

கச்சேரியில் தாளம் போடுபவர் கை ஒரு தட்டு முந்தி, ஒரு தட்டு பிந்தி விழுந்தால் எப்படி இருக்கும்? எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் அவை வெளியே போகும் நேரம் இப்படி முன்னே பின்னே ஆவதற்குப் பெயர்தான் ஜிட்டர்.

5/
ஜிட்டருக்கு எனக்குப் பிடித்த தமிழ்ச் சொல் நடுக்கம்.

இப்பவே உங்கள் கையை நேராக நீட்டி, விரல்கள் மேல் ஒரு காகிதத்தை வைத்துப் பாருங்கள். காகிதத்தின் ஓரம் மெல்ல நடுங்கும். வினாடிக்கு ஏறக்குறைய 8 முதல் 12 தடவை வரும் இந்த நடுக்கம் ஆரோக்கியமான எல்லோருக்கும் உண்டு. ஃபிசியாலஜிக்கல் ட்ரெமர் என்போம். ஸ்ட்ராங்கா ரெண்டு காபி குடித்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

6/
இதைப் பார்த்துவிட்டு "ஐயோ, பார்க்கின்சன்ஸ்!" என்று யாரும் மருந்து எழுத மாட்டார்கள். நடுக்கம் இருக்கா என்பதோடு பரிசோதனை முடிவதில்லை. எவ்வளவு நடுக்கம், எப்போது வருது, அதனால் சட்டைப் பொத்தான் போட முடியுதா, டம்ளரைத் தூக்கினால் தண்ணீர் சிந்துதா என்று பார்த்த பிறகுதான் அது நோயா இல்லையா என்று சொல்ல முடியும்.

கேபிள் விற்பவர் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார். "ஜிட்டர் இருக்கு." ஆமா, இருக்கு. அப்புறம்?

7/
எதிர்த்தரப்பு ஒண்ணு இருக்கு. "டிஜிட்டல்னா 0, 1 மட்டும்தானே, கேபிள் எப்படிப் பாட்டை மாத்தும்?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பவர்கள். அவர்கள் முடிவு பெரும்பாலும் சரி. காரணம் தப்பு.

பென் டிரைவில் ஒரு ஃபைலைக் காப்பி செய்யும்போது நேரம் முக்கியமில்லை. மெதுவாக வந்தாலும் வேகமாக வந்தாலும் ஃபைல் அதே ஃபைல்தான். ஆனால் சிடி பிளேயரிலிருந்து டேக்குக்குப் பாட்டு ஓடும்போது எண்கள் மட்டும் போனால் போதாது, நேரமும் சேர்ந்து போகணும்.

8/
சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கிய எஸ்பிடிஃப் என்ற இணைப்பு அப்படிப்பட்டது. டிவி, சிடி பிளேயர் பின்னால் 'கோஆக்சியல்', 'ஆப்டிகல்' என்று எழுதியிருக்குமே, அதுதான். சிடி தரத்தில் வினாடிக்கு சுமார் 28 லட்சம் பிட்டுகள் அதில் ஓடும்.

கடிகாரத்துக்குத் தனியாக ஒரு வயர் கிடையாது. சிக்னல் ஏறி இறங்கும் விளிம்புகளுக்குள்ளேயே நேரமும் ஒளிந்திருக்கிறது. டேக்குக்குள் இருக்கும் ரிசீவர் அந்த விளிம்புகளைப் பார்த்துக் கடிகாரத்தை மீட்டெடுக்கும்.

9/
இங்கேதான் கேபிள் உள்ளே வருகிறது. கேபிளின் வேகத்திறன் போதாவிட்டால் விளிம்புகள் செங்குத்தாக இல்லாமல் சரிவாகும். முந்தைய பிட் என்ன என்பதைப் பொறுத்து அடுத்த விளிம்பு கொஞ்சம் இடம் மாறும். கேபிளின் இம்பிடன்ஸ் 75 ஓம் இல்லையென்றால் சிக்னலின் ஒரு பகுதி முனையில் மோதித் திரும்பி வந்து விளிம்பை மேலும் கலைக்கும்.

1992-ல் கிறிஸ் டன், மால்கம் ஹாக்ஸ்ஃபோர்ட் என்ற இருவர், இந்த இணைப்பின் வடிவமைப்பே குறையுள்ளதா என்று கேட்டு ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியில் ஒரு கட்டுரை வாசித்தார்கள். நியாயமான கேள்வி.

10/
அதனால் "ஜிட்டர் எல்லாம் புருடா" என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியாது. பொறியாளர்கள் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு வேலை செய்தார்கள். முப்பது வருஷத்தில் நிறைய மாறியிருக்கிறது.

கேபிள் விளம்பரம் மட்டும் இன்னும் 1992-லேயே நிற்கிறது.

11/
இந்த இழையில் ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்கோங்க: ஜிட்டர் பாட்டைக் கெடுக்கக்கூடிய இடம் ஒண்ணே ஒண்ணுதான். எண் மின்னழுத்தமாக மாறும் அந்தச் சிப்பின் கடிகார முனை.

கேபிளில் இருக்கும் நடுக்கம் அப்படியே அங்கே போய்ச் சேர்வதில்லை. நடுவில் ரிசீவர் இருக்கிறது. பள்ளமான ரோட்டில் போகும் பஸ்ஸின் ஷாக் அப்சார்பர் மாதிரி, வேகமான நடுக்கத்தை உறிஞ்சிக்கொண்டு சீரான கடிகாரத்தை உள்ளே அனுப்புவது அதன் வேலை.

12/
அந்த ரிசீவர் சிப்புகள் எவ்வளவு நல்லவை? பரவலாகப் புழங்கும் சிஎஸ்8416 சிப்பின் தகவல் தாளில் சுமார் 200 பிக்கோ வினாடி என்று போட்டிருக்கும். உல்ஃப்சன் நிறுவனத்தின் டபிள்யூஎம்8804 சிப்புக்கு 50 பிக்கோ வினாடி.

ஒரு நானோ வினாடி என்பது வினாடியை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு. அதில் ஒளியே 30 சென்டிமீட்டர்தான் போகும், நம்ம பள்ளிக்கூட ஸ்கேல் நீளம். பிக்கோ வினாடி என்பது அந்த நானோவிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு.

13/
இன்னொரு வழியும் உண்டு. வரும் எண்களை வாங்கி, டேக்கின் சொந்தக் கடிகாரத்துக்கு ஏற்பப் புதிதாகக் கணக்கிட்டு அனுப்புவது. பெஞ்ச்மார்க் நிறுவனத்தின் டேக்1 என்ற கருவி 2000-களின் தொடக்கத்திலேயே இந்த முறையில் வந்துவிட்டது.

இப்போது பெரும்பாலானோர் கம்ப்யூட்டரிலிருந்தோ ஃபோனிலிருந்தோ யூஎஸ்பி வழியாகத்தானே கேக்கறோம்? அங்கே கதை இன்னும் எளிது.

14/
இன்றைய யூஎஸ்பி டேக்குகளில் பெரும்பாலானவை 'அசிங்க்ரோனஸ்' முறையில் இயங்குபவை. டேக்குக்குள் இருக்கும் கிரிஸ்டல்தான் எஜமான். "இன்னும் கொஞ்சம் அனுப்பு, இப்போ கொஞ்சம் குறைச்சு அனுப்பு" என்று டேக்தான் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். வந்த எண்கள் ஒரு சின்னத் தொட்டியில் தேங்கி நிற்கும். கிரிஸ்டல் தட்டும் நேரத்துக்கு ஒவ்வொன்றாக வெளியே போகும்.

லாரியில் வந்த தண்ணீர் வீட்டுத் தொட்டியில் நிறைந்த பிறகு, குழாயில் வரும் வேகத்துக்கும் லாரி வந்த ரோட்டுக்கும் என்ன சம்பந்தம்? "இந்த யூஎஸ்பி கேபிள் ஜிட்டரைக் குறைக்கும்" என்று சொன்னால், எந்த வழியாகக் குறைக்கும் என்று கேளுங்கள். கேபிள் வழியாக அந்தக் கடிகாரம் வரவே இல்லை.

15/
யூஎஸ்பி கேபிள் கெட்டுப்போகாதா? போகும். ஆடியோவுக்கு யூஎஸ்பி பயன்படுத்தும் முறையில், தவறிய பிட்டைத் திரும்பக் கேட்டு வாங்கும் வசதி கிடையாது. அதனால் மோசமான கேபிளில் பிட்டுகள் தவறினால் 'டக்' என்று சத்தம் வரும், இல்லை பாட்டு விட்டு விட்டு வரும்.

"பேஸ் கொஞ்சம் தளர்வா இருக்கு, குரல்ல ஈரம் இல்லை" என்றெல்லாம் வராது. பாட்டில் பேஸ் எது, குரல் எது என்று பார்த்துத் தவற பிட்டுகளுக்குத் தெரியாது.

16/
சரி, டோஸுக்கு வருவோம். எந்தப் பொருளும் விஷமா மருந்தா என்பதை அளவுதான் தீர்மானிக்கிறது என்பது மருத்துவத்தின் பழைய பாடம்.

1 நானோ வினாடி ஜிட்டர் என்ன செய்யும்? 10,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை முழு அளவில் ஒலிக்கவிட்டால், அதன் இரு பக்கத்திலும் இல்லாத இரண்டு சின்ன ஒலிகள் முளைக்கும். ஒவ்வொன்றும் அசல் ஒலியைவிட சுமார் 90 டெசிபல் கீழே. வீச்சில் சொன்னால் ஏறக்குறைய முப்பதாயிரத்தில் ஒரு பங்கு.

17/
இதை உங்கள் ஹாலுக்குக் கொண்டுவருவோம். பாட்டின் உச்சத்தில் 90 டெசிபல் வரும்படி சத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்று வைப்போம். அதைவிட 90 டெசிபல் கீழே என்றால் 0 டெசிபல். நல்ல காது உள்ள இளைஞருக்கு, சத்தமே இல்லாத அறையில், கேட்கலாமா வேண்டாமா என்ற எல்லை அது.

உங்கள் ஹாலில் ஓடும் சீலிங் ஃபேன் மட்டும் 40 டெசிபலுக்கு மேல். நிஜப் பாட்டில் 10,000 ஹெர்ட்ஸில் இருக்கும் ஒலியும் முழு அளவில் இருக்காது, ரொம்பக் குறைவாகத்தான் இருக்கும். அதோடு பக்கத்திலேயே பெரிய ஒலி ஒலிக்கும்போது சின்ன ஒலியைக் காது மறைத்துவிடும்.

18/
இது வெறும் கணக்கு மட்டும்தானா? ஆட்களை உட்காரவைத்தும் பார்த்திருக்கிறார்கள்.

1998-ல் பெஞ்சமின், கேனன் என்ற இருவர் செய்த சோதனையில், தூய ஒற்றை ஒலியில், அதுவும் மிக உயர்ந்த ஃப்ரீக்வென்சியில், சுமார் 10 நானோ வினாடி ஜிட்டர் இருந்தால்தான் கண்டுபிடிக்க முடிந்தது. பாட்டில் கண்டுபிடிக்க அதைவிட அதிகம் தேவைப்பட்டது. 2005-ல் ஜப்பானில் அஷிஹாரா குழுவினர் செய்த ஆய்வில், ஒழுங்கில்லாத ஜிட்டரைப் பயிற்சி பெற்ற காதுகள்கூட நூற்றுக்கணக்கான நானோ வினாடி அளவில்தான் உணர்ந்தன.

19/
இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரிசீவர் சிப்பில் 50 முதல் 200 பிக்கோ வினாடி. காது கண்டுபிடிக்கத் தேவை, மிகச் சாதகமான சூழ்நிலையிலும், 10,000 பிக்கோ வினாடி. நடுவில் 50 மடங்குக்குக் குறையாத இடைவெளி.

ரத்தத்தில் சோடியம் 135 முதல் 145 வரை இருந்தால் நார்மல். உங்கள் சோடியம் 140. "இந்த மாத்திரை போட்டா 140.02 ஆகும் சார்" என்று ஒருத்தர் மாசம் ஐயாயிரம் கேட்டால் கொடுப்பீர்களா? கேபிள் மேட்டரும் அதேதான்.

20/
கேசட் காலத்தை நினைத்துப் பாருங்கள். நல்ல டெக்கில்கூட டேப்பின் வேகம் 0.1 சதவீத அளவுக்குக் கூடிக் குறையும். வினாடிக்கு 4 தடவை அப்படி ஊசலாடுகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால் நேரப் பிழை சுமார் 40,000 நானோ வினாடி வரும்.

மெதுவான ஊசலும் வேகமான ஜிட்டரும் காதுக்கு ஒரே மாதிரி இல்லைதான், அதனால் நேரடியாக ஒப்பிட முடியாது. இருந்தாலும் அந்தக் கேசட்டில் இளையராஜாவைக் கேட்டு உருகிய தலைமுறையிடம் போய் "0.2 நானோ வினாடியில பாட்டோட உயிரே போயிடும்" என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேணும்.

21/
அப்போ கேபிளால் ஒரு பிரச்சினையும் வராதா? வரும். அதன் பெயர் ஜிட்டர் இல்லை.

கம்ப்யூட்டரும் ஆம்ப்ளிஃபையரும் தனித்தனி பிளக்கில் எர்த் ஆகியிருந்தால் கேபிள் வழியாக ஒரு வளையம் உண்டாகி 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வரும். இது யாருக்கும் கேட்கும். இதற்கு ஆப்டிகல் கேபிள் நல்ல மருந்து. ஒளியில் போவதால் இரண்டு பெட்டிக்கும் இடையே மின்தொடர்பே இருக்காது.

வேடிக்கை என்னன்னா, கேபிளில் அளந்தால் ஆப்டிகலில்தான் பெரும்பாலும் ஜிட்டர் கூடுதலாக இருக்கும். அதிக ஜிட்டர் உள்ள கேபிள்தான் அந்த வீட்டில் சுத்தமான சத்தத்தைத் தருகிறது.

22/
"எந்தக் கேபிள் வாங்கலாம் டாக்டர்?"

கோஆக்சியல் என்றால் 75 ஓம் கேபிள், முனை இறுக்கமாக உட்காரணும். உங்கள் வீட்டுக் கேபிள் டிவி வயரும் 75 ஓம்தான். ஆப்டிகல் என்றால் கூர்மையாக மடிக்காதீங்க, தேவைக்கு மேல் நீளம் வேண்டாம். யூஎஸ்பி என்றால் தரச்சான்று உள்ள சாதாரணக் கேபிள். மூன்றும் சில நூறு ரூபாய்க்குள் முடியும். டக் டக் என்று சத்தம் வந்தால் மாத்துங்க. வராட்டி அதை மறந்துட்டுப் பாட்டு கேளுங்க.

23/
இப்போ முக்கியமான ஆட்சேபம். "நீங்க ஆயிரம் கணக்கு சொல்லுங்க. ஆனா கேபிள் மாத்தினதும் எனக்கு வித்தியாசம் கேக்குதே!"

நீங்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவே இல்லை. உங்களுக்குக் கேட்டது உண்மை. ஆனால் கேட்பது காதோடு முடிகிற வேலை இல்லை, மூளையும் சேர்ந்து செய்வது. மூளைக்கு விலையும் தெரியும், எதிர்பார்ப்பும் தெரியும்.

24/
2008-ல் ஜாமா மருத்துவ இதழில் ஒரு சின்ன ஆய்வு வந்தது. 82 பேர். எல்லோருக்கும் கொடுத்தது மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. பாதிப் பேரிடம் மாத்திரை 2.50 டாலர் என்றும், மீதிப் பேரிடம் 10 சென்டுக்கு விலை குறைக்கப்பட்டது என்றும் சொன்னார்கள். பிறகு லேசான மின் அதிர்ச்சி கொடுத்து வலியைக் கேட்டார்கள்.

விலை அதிகம் என்று நம்பியவர்களில் 85.4 சதவீதம் பேருக்கு வலி குறைந்தது. மலிவு என்று நம்பியவர்களில் 61 சதவீதம் பேருக்கு. இரண்டும் ஒரே வெற்று மாத்திரை.

25/
அரசு மருத்துவமனை ஓபியில் இதன் மறுபக்கத்தைத் தினமும் பார்க்கிறோம். "கவர்மெண்ட் மாத்திரை எனக்குக் கேக்காது சார், வெளியில எழுதிக் குடுங்க." உள்ளே இருப்பது அதே மருந்து, அதே மில்லிகிராம். வெள்ளைக் காகிதத்தில் சும்மா கிடைப்பதால் அதன் மேல் நம்பிக்கை வராது. வெளியே அதே மருந்தைப் பளபள அட்டையில் வாங்கினால் கேட்கும்.

அவர்களும் பொய் சொல்லவில்லை. அந்த நம்பிக்கைக்குக் கூலிவேலை செய்யும் குடும்பம் மாசாமாசம் காசு கொடுக்குது என்பதுதான் என் கவலை.

26/
கேபிள் விஷயத்தில் இன்னொன்றும் நடக்கும். புதுக் கேபிள் மாட்டினதும் ஃபோனைத் தள்ளி வைத்துவிட்டு, கண்ணை மூடி, நூறு தடவை கேட்ட பாட்டை இத்தனை வருஷத்தில் இல்லாத கவனத்தோடு கேட்பீர்கள். பின்னால் மெல்ல ஒலிக்கும் தம்புரா முதல் தடவையாகக் காதில் விழும்.

தம்புரா எப்பவும் அங்கேதான் இருந்தது. பழைய கேபிளிலும் வந்துகொண்டுதான் இருந்தது.

27/
இதைச் சோதிக்க லேப் வேண்டாம். வீட்டிலேயே செய்யலாம். பழைய கேபிள், புதுக் கேபிள், ஒரு நண்பர், ஒரு நாணயம்.

முதலில் இரண்டையும் பார்த்துத் தெரிந்தே நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் அறைக்கு வெளியே போங்கள். நண்பர் நாணயம் சுண்டி, பூ விழுந்தால் ஒரு கேபிள், தலை விழுந்தால் இன்னொன்று என்று மாட்டி, எது என்று எழுதிவைத்துவிட்டு, கேபிளைத் துணியால் மூடிவிட்டு வெளியே போய்விடணும். அவர் முகத்தை நீங்கள் பார்க்கக் கூடாது. நீங்கள் உள்ளே வந்து, கேட்டு, எது என்று எழுதுங்கள். 16 தடவை.

28/
16-ல் 12 சரியாகச் சொன்னால் கவனிக்க வேண்டிய விஷயம். வெறும் குருட்டு யூகத்தில் 12 அல்லது அதற்கு மேல் வர வாய்ப்பு நூற்றில் நாலுக்கும் கொஞ்சம் குறைவு. 8, 9 வந்தால் நாணயம் சுண்டுவதும் நீங்கள் கேட்டதும் ஒண்ணுதான்.

ஒரு எச்சரிக்கை. நூற்றில் நாலு என்றால், 26 பேர் சும்மா யூகித்தாலே ஒருத்தருக்கு 12 வந்துவிடும். மிச்சம் 25 பேர் வாயைத் திறக்க மாட்டார்கள். அந்த ஒருத்தர்தான் போஸ்ட் போடுவார். அதனால் 12 வந்தால் இன்னொரு நாள் இன்னொரு 16 செய்யுங்க. திரும்பவும் வந்தால் எனக்குச் சொல்லுங்க, நானும் வந்து கேக்கறேன்.

29/
"டெஸ்ட்னு சொன்னாலே டென்ஷன்ல காது வேலை செய்யாது" என்பார்கள். சரி, டென்ஷன் வேண்டாம். உங்கள் வீடு, உங்கள் நாற்காலி, உங்களுக்குப் பிடித்த பாட்டு. ஒரு கேபிளுக்கு ஒரு வாரம்கூட எடுத்துக்கோங்க. ஒரே நிபந்தனை, எது மாட்டியிருக்கு என்று உங்களுக்குத் தெரியக் கூடாது.

விற்கும்போது "பகலுக்கும் ராத்திரிக்கும் உள்ள வித்தியாசம்" என்கிறார்கள். பகலா ராத்திரியா என்று சொல்ல யாருக்காவது டென்ஷன் வருமா?

30/
"அவங்க காசு, அவங்க சந்தோஷம், உங்களுக்கென்ன?" இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லணும்.

அழகா இருக்கு, பிடிச்சிருக்கு என்று ஒருத்தர் விலை உயர்ந்த கேபிள் வாங்கினால் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. பட்டுப்புடவையும் அப்படித்தானே வாங்கறோம்? ஆனால் ஜிட்டரைச் சொல்லி விற்கும்போது சந்தோஷத்தோடு ஒரு பயமும் சேர்ந்தே வீட்டுக்கு வருகிறது. "நம்ம சிஸ்டத்துல ஏதோ கோளாறு இருக்கு" என்ற பயம்.

31/
அந்தப் பயம் ஒரு கேபிளோடு அடங்காது. அடுத்து யூஎஸ்பி சிக்னலைச் சுத்தம் செய்யும் பெட்டி. அதுக்கு ஒரு தனி பவர் சப்ளை. அப்புறம் ஆடியோவுக்கென்றே தனி நெட்வொர்க் ஸ்விட்ச். ஒவ்வொன்றும் நாலு வாரம் நல்லா இருக்கும். பிறகு மறுபடி சந்தேகம்.

நோய் பயம் உள்ளவர்களை ஓபியில் பார்த்திருப்பவர்களுக்கு இது புரியும். ஈசிஜி நார்மல், எக்கோ நார்மல், இருந்தும் அடுத்த டெஸ்ட். ஒவ்வொரு ரிப்போர்ட்டும் கொஞ்ச நாளைக்குத்தான் நிம்மதி தரும். இங்கேயும் பாட்டு கேட்க உட்கார்ந்தவர், கடைசியில் பாட்டை விட்டுவிட்டுக் கோளாறைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இ.எம்.ஐ. போட்டு வாங்கிய பெட்டியில் ஒரு முழுப் பாட்டை நிம்மதியாகக் கேட்க முடியாமல் போவது பெரிய நஷ்டம்.

32/
அடுத்த தடவை யாராவது ஜிட்டர் என்று ஆரம்பித்தால் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: எவ்வளவு? நானோ வினாடியிலோ பிக்கோ வினாடியிலோ எண் சொல்லுங்க.
இரண்டு: எங்கே அளந்தது? கேபிளின் முனையிலா, டேக்கின் அவுட்புட்டிலா?
மூன்று: எந்தக் கேபிள் என்று தெரியாமல் கேட்டு யாராவது கண்டுபிடித்தார்களா?

கேபிள் முனையில் எடுத்த அழகான வரைபடத்தைக் காட்டுவார்கள். உங்கள் ஸ்பீக்கர் கேபிள் முனையில் இல்லை, டேக்குக்கு அந்தப் பக்கம் இருக்கு என்று நினைவூட்டுங்கள்.

33/
காசு கையில் இருந்தால் எதில் போடலாம்? முதலில் காசே இல்லாத வேலை. 11 அடி நீள அறையில் சுமார் 51 ஹெர்ட்ஸ் ஒலி இரண்டு சுவருக்கும் இடையில் மாட்டிக்கொண்டு நிற்கும். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் பேஸ் இரைக்கும், அறை நடுவில் அதே பேஸ் காணாமல் போகும். நாற்காலியை ரெண்டு அடி நகர்த்தினால் பல டெசிபல் மாறும். இது உங்கள் மனைவிக்கும் கேட்கும், மாமியாருக்கும் கேட்கும்.

அதற்குப் பிறகு கனமான திரைச்சீலை, தரைவிரிப்பு. அதற்கும் பிறகு நல்ல ஸ்பீக்கர். டேக் கடைசி. ஆப்பிள் 9 டாலருக்கு விற்ற யூஎஸ்பி-சி ஹெட்ஃபோன் டாங்கிளுக்குள்ளேயே ஒரு டேக் இருக்கு, அளந்து பார்த்தால் சிடியின் 16 பிட் தரத்தை ஒட்டி நிற்கிறது.

34/
இன்னொரு செலவு உங்கள் காதுக்கு. பாட்டின் நுணுக்கத்தைத் திரும்ப வராதபடி அழிப்பது அதிக சத்தமும் அதிக நேரமும். வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் வரை என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி, 89-க்கு 5 மணி.

கேட்டு முடித்ததும் காதில் 'கொய்ங்' என்று இரைந்தால் சத்தம் அதிகம் என்று அர்த்தம். அடிக்கடி வந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஆடியோகிராம் எடுத்துக்கோங்க.

35/
புதுக் கேபிள் ஏற்கெனவே வாங்கிட்டீங்களா? பரவாயில்லை, மாட்டிக் கேளுங்க, அது ஒண்ணும் கெடுதல் செய்யாது. வாங்கலாமான்னு யோசிச்சிட்டு இருக்கீங்களா? 16 தடவை சோதனையை முதலில் செய்யுங்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். எத்தனை வந்ததுன்னு கீழே எழுதுங்க. 12 வந்தவங்க மட்டும் இல்லை, 7 வந்தவங்களும் எழுதுங்க.